சேவைநலன் பாராட்டு

ஹோல்ஸ்பேர்க், ஜேர்மனி
12.02.1994

அன்புள்ள அக்காவுக்கு தம்பி பஸ்ரியன் எழுதுவது. மடு மாதாவின் காவலில் நான் சுகமாயிருக்கிறேன். நீங்களும் அமிர்தநாதர் அத்தானும் மகள் ஸ்டெபனியும் அந்த ரொறன்ரோக் குளிரில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உங்கள் முழங்கால் நோ எப்படி?

என் வழக்குக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. அகதி அலுவலகம் என் மனுவைத் தட்டிவிட்டதும் இங்கே நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம் அல்லவா, அது டொக்டர் லோமான் என்ற நீதிபதியின் கையில் விழுந்திருக்கிறது. நீதிமன்றத்தில் தமிழை மொழிபெயர்க்கும் கிளடிஸ் அன்ரி கேள்விப்பட்டதும், "உனக்கு அதிஷ்டம் அடிச்சிட்டுது, பஸ்ரியன்" என்றார்.

இந்த மனிதரின் கதையை அன்ரி சொல்லக் கேட்க வேண்டும். சட்டம் படித்துவிட்டு வந்தவரை முதலில் பன்றிப்பட்டி வழக்குகளில் போட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பன்றி மணக்கிறது, வேலி அரை அடி தள்ளி நிற்கிறது, நகரசபை புகைபோக்கிக்கு அனுமதி தரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் இதுதான் பிழைப்பு. பிறகு பெர்லினில் நாட்டின் மேல் நீதிமன்றத்தில் பெரிய நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி செய்து கொடுத்திருக்கிறார். திரும்பி வரும்போது அகதி வழக்குகள் மூட்டை மூட்டையாய்க் குவிந்து கிடந்தன. யாரும் விரும்பாத அந்தப் பிரிவுக்கு இவர் தலைவராகப் போனார். பன்றிப்பட்டி வழக்கென்றால் நேரே போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதிய மனிதர். எங்கள் மன்னாருக்குப் போக முடியாதே, அதனால் மன்னார் வரைபடத்தை வாங்கி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாராம்.

இனிமேல் இங்கே யாருக்கு எழுதினாலும் என் கோப்பு இலக்கத்தைத் தலையில் போடுங்கள். இந்த நாட்டில் ஆளைவிட இலக்கத்துக்குத்தான் மரியாதை. நீங்கள் வழக்கறிஞருக்கு அனுப்பிய அப்பாவின் மரணச் சான்றிதழ் இலக்கம் இல்லாமல் எங்கோ மாதக்கணக்கில் தூங்கிவிட்டு வந்தது.

உங்கள் அன்புத் தம்பி
பஸ்ரியன்


ரொறன்ரோ, கனடா
20.03.1994

அன்புத் தம்பி பஸ்ரியனுக்கு அக்கா மக்டலீன் முத்தங்களுடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் எல்லோரும் சுகம். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே. ரெக்ஸ்டேல் பேக்கரியில் பாண் அடுக்கும் வேலைக்கு மூன்று பஸ் மாறிப் போய் நாள் முழுவதும் நிற்கிறேன், அது தன் பாட்டில் நோகிறது.

உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பன்றிப்பட்டிக் கதைக்கு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்கள்.

எங்கள் காரியம்தான் இழுபடுகிறது. அகதியென்று ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் நிரந்தரமாய் இருக்கத் தரும் லாண்டட் பேப்பர் இன்னும் வரவில்லை. பின்னணி பார்க்கிறார்களாம். ஏதாவது ஒரு பிழை கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். அத்தான் சிவப்பு விளக்கில் றோட்டைக் கடக்கவும் மாட்டேன் என்கிறார்.

அம்மா போனபோது உனக்கு நாலு வயது. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை நீ. உனக்கு ஒரு பேப்பர் கிடைத்தால்தான் எனக்குக் கிடைத்தது போல. அந்த நீதிபதியின் பெயரையும் இரவுச் செபத்தில் சேர்த்துவிட்டேன்.

அன்பு அக்கா
மக்டலீன்


ஹோல்ஸ்பேர்க்
30.05.1994

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் செபத்தின் பலனோ என்னவோ, உடலும் மனமும் நன்றாயிருக்கின்றன. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

விசாரணை தொடங்கிவிட்டது. டொக்டர் லோமான் நெடுவல் மனிதர், தலையில் மயிர் குறைவு, குரல் மெல்லியது. இராணுவம் என்னைக் கொண்டுபோன நாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "பேசாலைக் கரையிலிருந்து உங்களை எந்த வழியாகக் கூட்டிச் சென்றார்கள்? கடல் எந்தப் பக்கம் இருந்தது?" என்றார். கண்ணைக் கட்டியிருந்தார்கள், ஆனால் காற்று இடது கன்னத்தில் அடித்தது என்றேன். அவர் எழுந்து போய் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் என் வழக்கறிஞர் அம்மா கையைக் குலுக்கினார். லோமான் எழுதிக்கொண்டால் நம்பிவிட்டார் என்று அர்த்தமாம்.

இன்னொரு செய்தி. அவருக்குப் பதவி உயர்வு. ஒக்ரோபரில் உயர் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு பிரிவின் தலைமை நீதிபதியாகப் போகிறார். போகுமுன் என் வழக்கை முடித்துவிடுவதாகச் சொல்லி செப்டெம்பரில் நாள் வைத்திருக்கிறார். அவர் போய்விட்டால் அடுத்து வருகிறவர் வேறு மாதிரியாம். செப்டெம்பர் மட்டும் தாண்டிவிட்டால் போதும், அக்கா.

என்றும் உங்கள்
பஸ்ரியன்


ரொறன்ரோ
25.07.1994

என் செல்லத் தம்பிக்கு, இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருந்து இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

உனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். மன்னாரில் நீதவான் மாற்றலாகிப் போனபோது அப்பா மீனவர் சங்கத்தின் சார்பில் மாலை போட்டுப் பாராட்டுப் பத்திரம் வாசித்தார், நீ சின்னப்பிள்ளை, நினைவிருக்காது. சேவைநலன் பாராட்டு வைக்காமல் எந்த உத்தியோகத்தரை ஊர் அனுப்பியிருக்கிறது? எங்கள் சனத்துக்கு இவ்வளவு செய்த மனிதர் மேலே போகிறார், ஒரு வாய் வாழ்த்தாவது வேண்டாமா?

இங்குள்ள மன்னார் மக்கள் சங்கத்தில் சொன்னேன். செயலாளர் கிறிஸ்துநாயகம் மாஸ்ரர் உடனே பேனாவை எடுத்துவிட்டார். "நீதித்தாயின் தவப்புதல்வ, நெடுங்கடல் கடந்தோர்க்கு நிழல்தரு தருவே" என்று தொடங்கி இருபத்துநாலு வரி. பன்றிப்பட்டியைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார், நான் கூடாது என்று தடுத்துவிட்டேன். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல், ஜெராட் வீதியில் வாங்கிய சரிகைக் கரைப் பொன்னாடை, இரண்டும் பார்சலில் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன.

ஸ்டெபனிதான் குறுக்கே நின்றாள். "அம்மா, யூ கான்ற் சென்ட் எ ஜட்ஜ் எ பிறெசென்ற்" என்கிறாள். "உது பிறெசென்ற் இல்லையடி, மரியாதை" என்று சொல்லி அவளைக்கொண்டே ஆங்கிலத்திலும் எழுதுவித்தேன். யாருடைய அக்கா அனுப்பியது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. நீ சொன்னது போல உன் கோப்பு இலக்கத்தைப் பெட்டியின் மேலும் மடலின் தலையிலும் பெரிதாய் எழுதியிருக்கிறேன்.

வாழ்த்துகளுடன்
அக்கா


ஹோல்ஸ்பேர்க்
02.11.1994

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். எல்லோரும் சுகமென நம்புகிறேன். உடனே எழுதாததற்கு மன்னியுங்கள்.

பார்சல் பத்திரமாய் வந்து சேர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

டொக்டர் லோமான் என் வழக்கை முடிக்கவில்லை. பதவி உயர்வு கொஞ்சம் முந்திவிட்டது. போன வாரம் வேறொரு நீதிபதி என்னை விசாரித்தார். தீர்ப்பு தபாலில் வரும்.

லாண்டட் பேப்பர் வந்ததா? பின்னணி பார்க்கிறவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்டார்களா? வந்த உடனே எனக்கு எழுதுங்கள். இனி இங்கே நீதிமன்றத்துக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம், அதற்கு அவசியமில்லை.

பஸ்ரியன்


ரொறன்ரோ
15.01.1995

அன்புத் தம்பிக்கு, புதுவருட ஆசீர். மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பேப்பர் வந்துவிட்டது. மூவருக்கும். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றே அத்தான் ஒரு சிநேகிதனின் காரில் ஏறிப்போய் பிக்கரிங்கில் புது வீடுகள் பார்த்துவிட்டு வந்தார். கட்டுகிற காசு எங்கே என்று கேட்டால் பார்ப்பதற்குக் காசில்லையாம்.

ஆனால் உன் கடிதத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் லோமான் இப்படிச் செய்யலாமா? உன்னை முடித்துவிட்டுப் போகிறேன் என்று நாள் வைத்தவர், பெரிய கதிரை என்றதும் ஓடிவிட்டார். இத்தனை பேர் கூடி அனுப்பிய வாழ்த்துக்கு ஒரு வரி நன்றியும் இல்லை. மாஸ்ரர் சங்கத்தில் தலைகுனிந்து நிற்கிறார். வரைபடம் வைத்திருந்தாராம், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாராம்! அந்த ஆள் பன்றிப்பட்டியிலேயே கிடந்திருக்கலாம். செபத்திலிருந்து பெயரை வெட்டிவிட்டேன். அவர் ஏறுகிற ஒவ்வொரு படியும் என் பிள்ளையின் முதுகு.

கோபத்துடன், ஆனால் உன்மேல் அல்ல,
அக்கா


ஹோல்ஸ்பேர்க்
20.08.1995

அன்புள்ள அக்காவுக்கு, சுகமாயிருக்கிறேன். உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பேப்பர் வந்த செய்தியை வாசித்துவிட்டு அன்று நான் கோயிலுக்குப் போனேன்.

என் வழக்குத் தள்ளுபடியாகிவிட்டது. மேன்முறையீட்டுக்கும் அனுமதியில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் முத்திரை குத்தித் தருகிறார்கள். குத்தாத நாளில் விமானம். நான் சொன்னதைப் புது நீதிபதி நம்பவில்லை, அவ்வளவுதான்.

லோமானைத் திட்டாதீர்கள், அக்கா. நேரில் பார்த்தால் உங்களுக்கும் பிடிக்கும். அவர் தன் வேலையைச் செய்தார். நீங்கள் எழுதிய சாபங்களை கிளடிஸ் அன்ரிக்கும் வாசித்துக் காட்டினேன், அவர் சிரிக்கவில்லை.

வீடு வாங்கினால் எனக்கும் ஓர் அறை வையுங்கள்.

தம்பி


கொட்டாஞ்சேனை, கொழும்பு
10.04.1996

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே வந்து சேர்ந்தேன். உடலுக்கு ஒரு குறையும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு காலை வந்து கூட்டிச் சென்றார்கள். இரண்டு பொலிசார் கூடவே பறந்து வந்தார்கள், நல்ல பெடியள், கோப்பி வாங்கித் தந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் இங்குள்ள பொலிசார் நாலு நாள் வைத்திருந்து வெளியே விட்டார்கள். சந்திரவதனா அக்கா என்று ஒருவர் வீட்டில் அறைகள் வாடகைக்கு விடுகிறார், அங்கே இருக்கிறேன். நகரில் குண்டு வெடித்த பிறகு அடிக்கடி சுற்றிவளைப்பு. அடையாள அட்டையில் மன்னார் என்று கண்டால் தனியே நிறுத்துகிறார்கள். பொலிஸில் பதியப் போனபோது, ஜேர்மனிக்குப் போனவன் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டார்கள். அவர்களுக்கு அதுதான் சந்தேகம்.

வெளியே அதிகம் போவதில்லை. பயப்படாதீர்கள்.

பஸ்ரியன்


ரொறன்ரோ
12.05.1996

மதிப்புக்குரிய கிளடிஸ் அன்ரிக்கு, நான் பஸ்ரியனின் மூத்த சகோதரி மக்டலீன். நீங்களும் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் தம்பியை அந்த நாட்டில் தாய்போலப் பார்த்தீர்கள், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். லோமான் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து, என் பேரில் ஒரு கேள்வி கேளுங்கள். தீர்ப்புக்கு நாள் வைத்துவிட்டு ஏன் என் தம்பியைக் கைவிட்டுப் போனீர்கள்? இவ்வளவுதான். அவர் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி அவர் காதில் விழட்டும். பஸ்ரியனிடம் கேட்டால் அவரைத் திட்டாதே என்றுதான் எழுதுகிறான். எனக்கு நெஞ்சு ஆறவில்லை, அன்ரி.

மக்டலீன்


ஹோல்ஸ்பேர்க்
16.06.1996

அன்பான பிள்ளை மக்டலீனுக்கு, உமது கடிதம் கிடைத்தது. என் சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. உம்முடைய மனச்சுகத்தைக் கெடுக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பஸ்ரியனும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். ஆனால் குற்றமில்லாத மனிதரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்க என்னால் முடியாது.

லோமான் பதவிக்காக ஓடவில்லை. நீர் அனுப்பிய பெட்டியில் கோப்பு இலக்கம் இருந்தது. இலக்கம் இருந்தால் அது வழக்கின் கோப்புக்குள் போகும், போயிற்று. வழக்கு நடக்கும்போது வழக்காளியின் குடும்பம் நீதிபதிக்குப் பொன்னாடை அனுப்பினால் இந்த நாட்டில் அதற்கு வேறு பெயர். லோமான் தானே எழுதிக் கொடுத்தார், தன்னை யாரும் சந்தேகிக்க இடமிருக்கிறது, மற்ற நீதிபதிகள் முடிவு செய்யட்டும் என்று. அவர்கள் அவரை விலக்கினார்கள். பொன்னாடையை அவர் தொட்டும் பார்க்கவில்லை.

அத்தோடு போயிருந்தாலும் பஸ்ரியன் தப்பியிருப்பான். புது நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: இதை அனுப்பச் சொன்னது நீரா? இல்லை, எனக்குத் தெரியாமல் அக்கா செய்தது என்று உண்மையைச் சொல்லு, அது போதும் என்று வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்திருந்தார். இவன் எழுந்து நின்று, "ஓம், நான்தான் அனுப்பச் சொன்னனான்" என்றான். அதை நான் என் வாயால்தான் ஜேர்மன் மொழியில் சொன்னேன். நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தவன் என்று தீர்ப்பில் எழுதினார்கள், அப்படிப்பட்டவன் சொன்ன மற்றது எதையும் நம்ப முடியாது என்றும் எழுதினார்கள்.

வெளியே வந்து அவனைப் பிடித்து உலுக்கினேன். "அக்காவின்ரை பேப்பர் இன்னும் வரேல்லை, அன்ரி. அவதான் செய்தவ எண்டு இங்கை எழுதினா கனடாக்காரனுக்குப் போகாதோ?" என்றான். போகாதடா, இந்த இரண்டு நாடும் உன் அக்காவைப் பற்றிக் கதைக்காது என்றேன். அவன் நம்பவில்லை. உமக்குப் பேப்பர் கிடைத்ததும் உண்மையைச் சொல்லென்று மறுபடியும் மன்றாடினேன். "இப்ப மாத்திச் சொன்னா ரெண்டும் பொய் எண்டு சொல்லுவினம்" என்றான். அதில் அவன் சொன்னது சரி.

லோமானைப் பற்றிக் கேட்டீர். உயர் நீதிமன்றத்தில் இப்போது உபதலைவராகிவிட்டார். அந்தப் பதவியேற்பு விழாவுக்கு மொழிபெயர்ப்பாளர்களான எங்களையும் அழைத்திருந்தார்கள். கறைபடாத கை என்று புகழ்ந்த தலைவர், கனடாவிலிருந்து வந்த தங்கக்கரைத் துணியின் கதையை உதாரணமாகச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. லோமான் கைதட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கிளடிஸ்


ரொறன்ரோ
14.07.1996

என் தம்பிக்கு, உன் சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கிளடிஸ் அன்ரி எழுதிவிட்டார். அவரோடு கோபிக்காதே, நான்தான் கிண்டினேன்.

பெண் பிள்ளை பதினாறு வயதில் தடுத்தாள், கேட்கவில்லை. இப்போது அவள் ஒன்றும் சொல்லாமல் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருகிறாள், அது அடித்தது போலிருக்கிறது. அத்தான் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டார். நான் பாண் அடுக்குகிறேன், பஸ் ஏறுகிறேன். அந்த மனிதருக்கு எத்தனை கடிதத்தில் எத்தனை பேய்ச்சாபம் போட்டேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, நான் சுகம் என்று பதில் எழுதினாயே. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பிருந்தது. இதைத் தாங்க இல்லை.

இங்கே ஒரு வழக்கறிஞரைப் பிடித்திருக்கிறேன். எனக்குப் பேப்பர் இருப்பதால் மனிதாபிமானக் கணக்கில் உன்னை இங்கே எடுக்கக் கேட்டு எழுதலாமாம். கொழும்பிலுள்ள கனடாத் தூதரகத்திலிருந்து உனக்கு அழைப்பு வரும். அதுவரைக்கும் வெளியே போகாதே. சந்திரவதனா அக்கா சொல்லுக் கேள்.

எனக்கு நீ ஒன்றே ஒன்று செய். சுகம் என்று எழுதாதே. என்மேல் உனக்குக் கோபமா, இல்லையா, அதை மட்டும் உள்ளபடி எழுது. எதுவென்றாலும் சரி. மறைக்காதே.

அக்கா


கொட்டாஞ்சேனை, கொழும்பு
25.08.1996

அன்புள்ள மக்டலீன் அவர்களுக்கு, வீட்டுக்காரி சந்திரவதனா எழுதுவது. உங்களுக்கும் வீட்டாருக்கும் கடவுள் தைரியம் தரட்டும்.

தந்தி அடித்தேன், கிடைத்திருக்கும். ஆறாம் திகதி காலை வீடு வீடாய்ச் சோதனை வந்தது. மற்றப் பெடியளின் அட்டையைப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள், பஸ்ரியனை மட்டும் ஏற்றினார்கள். அடுத்த நாளே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன், அப்படி ஓர் ஆளைத் தாங்கள் கொண்டுவரவில்லை என்றார்கள். கோயில் சுவாமியாருடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறேன். போகாத இடமில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கனடாத் தூதரகக் கடிதம் இருபதாம் திகதி வந்தது, அதைச் சுவாமியாரிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று அவர் சாப்பிட வரவில்லை. மறுநாள் முகம் தெளிந்திருந்தது. "இண்டைக்கு அக்காவுக்கு எழுதப்போறன்" என்று என்னிடம் வெள்ளைத் தாள் வாங்கினார். கதவைத் தட்டியபோது எழுதிக்கொண்டுதான் இருந்தார். மேசையில் இருந்ததை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

சந்திரவதனா


கொட்டாஞ்சேனை
06.08.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள்மேல் எனக்கு